எண்ணெய்த் தாளில் வந்த ஸ்டேரிங் கை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் எழுத்துக் கற்றவள் நான். அதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா லோரி ஓட்டினார். ரப்பர் ஷீட்டு ஏற்றிக்கொண்டு காலையில் குளுவாங் ரயில் நிலையத்துக்குப் போவார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய் அங்கே இங்கிலீஷ் பள்ளியில் படித்தேன்.

ரப்பர் விலை விழுந்ததும் லோரியை விற்றார்கள். வேலை போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. தோட்டத்துத் துரை அப்பாவுக்கு இரண்டு மாதத் தவணை கொடுத்தார். அதற்குள் வேறு பிழைப்பைக் காட்டாவிட்டால் நாங்களும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கப்பலேற வேண்டும். ஊரில் எங்களுக்கு ஒரு குடிசைகூடக் கிடையாது.

ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைக்கூடத்துக்குப் பின்னால் துரையின் பழைய கார் ஒன்று மட்கிக் கிடந்தது. அப்பா அதைக் கேட்டு வாங்கினார். ஓட வைத்து, சிம்பாங்குக்கும் குளுவாங்குக்கும் வாடகைக்கு ஓட்டலாம் என்பது அவர் கணக்கு.

அப்பா எதையும் கடையில் வாங்குகிறவர் அல்ல. உளுத்த சட்டத்துக்கு மெராந்தி மரப் பலகையை இழைத்தார். பிரேக்குக்கு, ஷீட்டு யந்திரத்தில் கழித்த பெல்ட்டை அறுத்து ஆணி அடித்தார். முன் அச்சு வளைந்திருந்ததால், வேறொரு செத்த காரின் அச்சைக் கழற்றி வந்து மாட்டினார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தவை. கையில் கிரீஸ் படும் என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை.

கடைசியில் ஸ்டேரிங் கை ஒன்றுதான் பாக்கி. முன் சக்கரத்தைத் திருப்புகிற, ஒரு சாண் நீள இரும்பு. பழையதில் வெடிப்பு விட்டிருந்தது.

"தண்டவாளத் துண்டு கெடக்கு. ரெண்டு நாள்ல அடிச்சிருவேன்" என்றார் அப்பா.

அடித்துவிடுவார்தான். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உளிக்கு அவர் போடும் தோய்ச்சலுக்குத் தோட்டத்தில் பெயர் இருந்தது. செக்கச் செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுத்தால், மாதக் கணக்கில் முனை மழுங்காது.

"இது உளி இல்லப்பா. ஆளு ஏறுற வண்டி. கடையில அளவா செஞ்சு விக்கிறான். நம்பர் போட்டு எழுதினா வந்துரும்."

"நம்பர் போட்டா வண்டி ஓடுமா?"

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "படிக்க வெச்சீங்கள்ல, அப்பறம் அவ சொல்றதக் கேளுங்களேன்."

இஞ்சினில் ஆணியடித்திருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்து நம்பரைக் குறித்துக்கொண்டு, சிங்கப்பூர்க் கடைக்கு நானே எழுதினேன். பதில் 'ஐயா' என்று என்னை விளித்து வந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இனி நான் வீட்டை போகலாம். கந்தோர் எழுத்து வேலைக்கு உம்மட பெட்டை இருக்கிறாள்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லிச் சிரித்திருப்பார்.

எண்ணெய்த் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் சாமான் வந்தபோது தவணையில் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. பெட்டியைக் கொண்டுவந்தவரும் கிராணியார்தான். அப்பா காருக்கு அடியில் படுத்து மாட்டிப் பார்த்தார். சேரவில்லை. ஒரு கட்டைவிரல் அளவுக்கு வளைவு மாறியிருந்தது.

"அச்சு வேற வண்டியோடதுல்ல. அதான்" என்றார்.

கடைக்கு எழுதுவதற்கு முன்பே அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

கிராணியார் குனிந்து பார்த்தார். "என்ன பிள்ளை, பிழையான சாமானை எடுப்பிச்சுப்போட்டீரோ?"

பெட்டிக்குள் இங்கிலீஷில் அச்சடித்த ஒரு சிறு தாள் இருந்தது. எக்காரணம் கொண்டும் இதைக் காய்ச்சவோ வளைக்கவோ கூடாது. பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புக, மாற்றித் தருகிறோம். அவ்வளவுதான் அதில்.

"தாள்ல என்ன பாப்பா போட்டிருக்கான்?" என்று காருக்கு அடியிலிருந்து கேட்டார் அப்பா.

கிராணியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லப்பா. கடை விலாசம்" என்று சொல்லி அதை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அன்று மத்தியானமே அப்பா தன் பட்டறையில் உலை மூட்டினார். ஸ்டேரிங் கை சிவந்ததும் பாறையில் வைத்து வளைத்தார். பிறகு உளிக்குச் செய்வதுபோலவே தண்ணீரில் முக்கினார். பட்டறை முழுவதும் ஆவி. இப்போது கச்சிதமாகச் சேர்ந்தது. "ஒங்க கடைக்காரனும் நானும் சேந்து செஞ்சது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

கார் மூன்று நாள் நன்றாக ஓடியது. நாலாம் நாள் குளுவாங்கிலிருந்து தனியாகத் திரும்பும்போது, இறக்கத்தில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இடித்து அந்த ஸ்டேரிங் கை இரண்டாக முறிந்தது. கார் மண்பாதையை விட்டு ரப்பர் மரங்களுக்குள் பாய்ந்தது. அப்பாவின் வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கையை எடுக்காமல் காப்பாற்றினார்கள். விரல்கள் பிறகு மடங்கவேயில்லை.

முறிந்த துண்டை ஆட்கள் எடுத்து வந்திருந்தார்கள். முறிந்த இடம் சீனியைப்போலப் பொடிப்பொடியாக மின்னியது.

"கடைச் சாமான் எல்லாம் இப்பிடித்தான்" என்றார் கிராணியார்.

"இல்லீங்க கிராணி. நல்ல சாமான். பாப்பா சரியாத்தான் எழுதி எடுத்தா. எந் தோய்ச்சல்தான் அத நொறுங்குற இரும்பாக்கிக் கெடுத்துருச்சு."

தவணை முடிந்தது. பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர என்னை வைத்துக்கொண்டார்கள். அப்பாவும் அம்மாவும் மட்டும் புறப்பட்டார்கள்.

கப்பல் துறைக்குப் போகும் ரயில் குளுவாங்கில் நின்றது. அவர்களை ஏற்றிவிட்டு நான் சன்னலுக்கு வெளியே நின்றேன். எதிர் பெஞ்சில் இருந்த ஆள் அப்பாவின் கையைப் பார்த்து, "என்னண்ணே ஆச்சு?" என்றார்.

"எம்மக சிங்கப்பூருக்கு இங்கிலீஷ்ல எழுதி ஸ்டேரிங் கை எடுத்துக் குடுத்தா. தோ, சன்னல்ல நிக்கிறா பாருங்க, அவதான். நாந்தான் படிக்காதவன், இரும்ப வளைக்கிறேன்னு கெடுத்துட்டேன்."

அந்த ஆள் என்னை மரியாதையாகப் பார்த்தார். புத்தகம் என் கையில்தான் இருந்தது, தாளும் அதற்குள்ளேயே. ரயில் கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. நான் அம்மாவிடம், வழிக்கு வாழைப்பழம் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.