நோட்டில் எழுதியிருந்தபடி

அந்த வயதில் நான் யாரையும் லேசில் நம்பாதவள். சென்னையில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டுப் புதுச்சேரிக்கு வந்து, என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவனை மட்டும் நம்பிவிடுவேனா? பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒருவரை ஆராய்ச்சிப் படிப்புக்கு வடக்கே அனுப்பப் போகிறார்கள் என்றார்கள். இடம் ஒன்றுதான். பயிற்சியில் இருந்தது நாங்கள் இருவர்.

முயல்களுக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் போட்டு நோட்டில் எழுதுவது என் வேலை. ஊசி போடுவது அவன் வேலை. என் நோட்டை அவன் ஏன் அவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறான்? ஒருநாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "ஏங்க, இவ்ளோ போடணுமா?"

வேவு பார்க்கிறான், வேறென்ன! "எழுதியிருக்கறத படிக்கத் தெரியாதா?" என்று வெடுக்கென்று கேட்டேன். அதன்பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரம் மூன்று முயல்கள் செத்தன. என் ஆராய்ச்சியைக் கெடுத்து இடத்தைத் தட்டிப் பறிக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். மருந்துப் புட்டியில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். மறுநாள் மருந்து நான் நினைத்ததைவிட வெகுவாக இறங்கியிருந்தது. புட்டியோடு ஆய்வுக்கூடத் தலைவரான பெரிய டாக்டரின் அறைக்கு ஓடினேன். சந்தோஷமாகத்தான் ஓடினேன்.

"நோட்ல இருக்கறபடிதான் சார் போட்டேன்" என்றான் அவன். என் கணக்கு தப்பாது என்று பெரிய டாக்டருக்கு அவ்வளவு நம்பிக்கை. நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுவாரம் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் தேர்வான கடிதம் தாமதமாக வந்தது. தபால்காரர் வாசலில் நின்று சலித்துக்கொண்டார்: "என்னம்மா, எழுபத்தேழாம் நம்பர்னு போட்டிருக்காங்க. இந்தத் தெருவுல எழுபத்தேழு ஏது? பேரை விசாரிச்சுக்கிட்டு வந்து சேர்றேன்."

எங்கள் வீடு பதினொன்று. விண்ணப்பத்தில் என் கைப்பட எழுதியிருந்தேன். பிரெஞ்சுப் பள்ளியில் பழகிய ஒன்றுக்குத் தலையில் நீளமாக ஒரு சாய்கோடு உண்டு. ஏழு என்றால் நாங்கள் நடுவில் குறுக்கே ஒரு கோடு போடுவோம். வெளியூர்க்காரர்கள் போடுவதில்லை; எங்கள் ஒன்று அவர்கள் கண்ணுக்கு ஏழாகத்தான் தெரியும்.

ஆய்வுக்கூடத்துக்குப் போய் நோட்டைப் பிரித்தேன். ஒரு சி.சி. என்று நான் எழுதியிருந்த இடமெல்லாம் ஏழு ஏழாகத் தெரிந்தது. சட்டென்று நோட்டை மூடினேன்.

பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். "லெட்டர் வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சு சார்" என்றேன். அவனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் ரயிலேறிவிட்டேன்.