அண்ணா பாடினால் விழும் பிரேக்கர்

தாம்பரத்தில் எங்கள் ஃபிளாட்டின் சின்ன அறையை என் வீட்டுக்காரர் ரெக்கார்டிங் ஸ்டூடியோவாக மாற்றினார். சுவரெல்லாம் ஃபோம் ஒட்டிவிட்டால் சத்தம் வெளியே வராது என்றார். வந்தது.

ஞாயிறுதோறும் படப்பையிலிருந்து ஓர் அண்ணா பாட வருவார். விவசாயக் குடும்பம், இப்போது மனை விற்கிறார்கள். பக்திப் பாட்டு ஆல்பம் ஒன்று போட வேண்டுமென்று அவருக்குத் தீராத ஆசை. மனிதர் தங்கம், குரல்தான் வேறு ரகம். ஏசி இல்லாமல் பாட மாட்டார். ஏசி சத்தத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் எடுத்துவிடலாம் என்பார் என்னவர். அண்ணாவின் சத்தத்தை எடுக்கத்தான் வழியில்லை.

ஒருநாள் தற்செயலாகக் கீசரையும் அயர்ன் பாக்ஸையும் ஒன்றாகப் போட்டேன். ஸ்டூடியோவுக்கும் பக்கத்துப் படுக்கையறைக்கும் அதன் பாத்ரூமுக்கும் ஒரே லைன். ஏசியும் சேர்ந்து லோடு கூடியதும் பிரேக்கர் விழுந்து கரண்ட் போனது. அண்ணா சரணத்தில் இருந்தார். அடடா, என்ன அமைதி! அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அயர்ன் வேலை அதிகமாகிவிட்டது. கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருந்ததால் மனசாட்சியும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை.

அண்ணாவுக்கோ ஒரே பெருமை. “இன்னா தங்கச்சி, நான் மேல ஸ்தாயிய தொட்டா கரண்டே நிக்க மாட்டேங்குது” என்று சிரித்துக்கொண்டே கிளம்புவார்.

என்னவர் மறைமலை நகர் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பாதுகாப்பு வாரத்தில் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கியவர். அப்படிப்பட்டவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அடிக்கடி விழுந்து மானத்தை வாங்கிய பிரேக்கரைக் கழற்றிவிட்டு, இரண்டு மடங்கு தாங்கும் ஒன்றை மாட்டினார். சுவருக்குள் ஓடியது அதே பழைய மெல்லிய ஒயர்.

அடுத்த ஞாயிறும் கீசர், அயர்ன் இரண்டையும் போட்டேன். பல்லவி போயிற்று, சரணம் போயிற்று, பிரேக்கர் விழவில்லை. நானும் விடவில்லை, ஹேர் டிரையரையும் சேர்த்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தக் கருகல் நாற்றம் வந்தது. படுக்கையறையில் மகள் தூங்கிக்கொண்டிருந்த கட்டிலுக்கு நேர் மேலே, சுவரில் ஒயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸின் மூடி பழுப்பேறி, அதன் ஓரமாகப் புகை கசிந்தது. குழந்தையை வாரிக்கொண்டு ஓடி மெயினை அணைத்தேன். வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை.

என்னவர் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒயர்களின் உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. “பிளான்ட்ல வேற ஒருத்தன் இப்படிப் பண்ணியிருந்தா அவன் மேல நானே கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்திருப்பேன்” என்று சொல்லிவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, மேஜைமேல் துணி எதுவும் இல்லாமல் சும்மா நின்றிருந்த அயர்ன் பாக்ஸைப் பார்த்தார். நான் அதன் ஒயரைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன்.

எலக்ட்ரீஷியன் வந்து ஒயரை மாற்றி, பழைய அளவு பிரேக்கரையே திரும்ப மாட்டினார். மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் ஏசிக்குத் தனி லைன். அதுவரை ஸ்டூடியோ ஓடும்போது கீசர், அயர்ன் எதுவும் கூடாது என்று முடிவானது. நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

போன ஞாயிறு அண்ணா தாமே எழுதிய பாட்டோடு வந்தார். சரணங்கள் வந்துகொண்டே இருந்தன. என்னவர் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டியபடி சமையலறைக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“இப்ப இருக்கறது சரியான பிரேக்கர், கரெக்டா விழும். நீ அயர்ன் பாக்ஸ போடு. கீசர நான் போடறேன்.”