பெண்ணுக்கு வாத்தியார் தேவை

எழுபதுக்கு முப்பத்தொன்று வாங்கிக்கொண்டிருந்த என் மகளை, மூன்றே வாரம் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்து, பத்தொன்பதுக்குக் கொண்டுவந்தவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. வீட்டில் யாரும் மறக்கவில்லை. எழுதாமல் விட்டால் மறைக்கிறேன் என்பார்கள்.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல். விருதுநகர்ப் பக்கம் தமிழில் அதைப் படித்துத் தேறியவன் நான். தவிர, இருபத்திரண்டு வருடமாக டெல்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிறேன். பொருட்களின் இயக்கம் பற்றி எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

மகள் இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவாள். அவளிடம் முதல் நாளே 'முடுக்கம்' என்றேன். முடுக்கு என்றால் ஊரில் நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கிற சந்துதானே, அதில் கார் எப்படிப் போகும் என்று கேட்டாள். அக்ஸலரேஷன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் அரைமணி நேரம் சந்தை விளக்கினேன்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். கூலி விஷயம்தான் அவளைக் கவிழ்த்தது. தலையில் நாற்பது கிலோ பெட்டியோடு ஒரு கூலி சமதளமான பிளாட்பாரத்தில் ஐம்பது மீட்டர் நடக்கிறார். புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்த வேலை எவ்வளவு? பூஜ்யம் என்றது புத்தகம். பெட்டி மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை, அதனால் இயற்பியல் கணக்கில் வேலையே நடக்கவில்லையாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புது டெல்லி ஸ்டேஷனில் அந்த மாதிரிப் பெட்டியை நானே தூக்கி, ஒரு வாரம் குனிய முடியாமல் கிடந்தவன். அச்சுப்பிழை, நாற்பதை ஐம்பதால் பெருக்கி எழுது என்றேன். அரையாண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை, பெருக்கி எழுதிவிட்டு வந்தாள்.

பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள்: கணக்கும் சுமார்தான், இயற்பியல் மோசம், ஆண்டுத் தேர்விலும் இப்படியென்றால் சயின்ஸ் குரூப்பில் தொடர முடியாது. அவளுக்கு ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசை. அதற்கு இரண்டு பாடமும் வேண்டும். அவள் அறைச் சுவர் முழுக்க அவளே வரைந்த வீட்டுப் படங்கள். அந்த வீடுகள் ஒன்றிலும் அப்பாவுக்கு அறை இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. விடைத்தாளை மடித்து என் ஆபீஸ் பையில் வைத்தாள். "இது உங்க மார்க்குப்பா. நீங்களே வச்சுக்கோங்க."

பக்கத்திலேயே நல்ல டியூஷனாகப் பார்க்கும்படி மனைவி சொன்னாள். தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன். நிபந்தனை போடுகிற நிலையிலா இருக்கிறீர்கள் என்று கேட்டாள். கேட்காத மாதிரி, இந்தப் பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி எழுத உட்கார்ந்தேன்.

'டியூஷன்' என்று எழுதியிருக்கலாம். ஆனால் அந்தக் குழுவில் தமிழுக்குக் காவல் நான்தான். போன மாதம் ஒருவர் 'குட் மார்னிங்' போட்டதற்கு முக்கால் பக்கம் கண்டனம் எழுதியிருந்தேன். ஆகவே இப்படி எழுதினேன்: "பெண்ணுக்கு நல்ல வாத்தியார் தேவை. மயூர் விஹார் பக்கம் என்றால் உத்தமம். வீட்டுக்கே வந்து நடத்த வேண்டும். பிப்ரவரிக்குள் முடித்தாக வேண்டும்."

எங்கள் ஊரில் வாத்தியார் என்றால் கையில் பிரம்பு இருக்கும். குழுவில் பாதிப் பேர் வீட்டில் வாத்தியார் என்றால் கையில் தர்ப்பை இருக்கும். கல்யாணம் முதல் திவசம் வரை நடத்திவைக்கிற புரோகிதர். இது எனக்குத் தெரியாததில்லை. அனுப்பும்போது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பத்து நிமிடத்தில் வாழ்த்துகள் வரத் தொடங்கின. தமிழ் வாத்தியார் கிடைப்பதற்கு இத்தனை சந்தோஷமா என்று நெகிழ்ந்து, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி போட்டேன். ஒருவர் சமையல்காரர் நம்பர் அனுப்பினார். இன்னொருவர், ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழை இலைக்கு ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவைத்துவிட வேண்டும் என்றார். அது வேறு யாருக்கோ உள்ளது என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் மெட்ரோவில் அந்தக் குழுவில் இருக்கிற ஒரு அம்மாள் என் மனைவியின் கையைப் பிடித்து, காலம் கெட்டுக் கிடக்கிறது, சீக்கிரம் முடிப்பதும் நல்லதுதான் என்றாராம். படிப்பைச் சொல்கிறார் போல என்று இவளும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஒரு பெரியவர் போன் செய்தார். குழுவில் பார்த்ததாகச் சொல்லி, பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார். பதினாறு என்றேன். 

"சார், இது சட்டப்படி தப்பு."

கோச்சிங் சென்டர்களில் பதினாறு வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது என்று ஏதோ விதி வந்ததாகப் பேப்பரில் படித்திருந்தேன். "பதினாறு முடிஞ்சிருச்சுங்க. வெளியே தெரியாம, வீட்டோட வச்சு முடிச்சிரலாம்."

"பொண்ணுக்குச் சம்மதமா?"

"அவளை யாரு கேக்கா? ரெண்டு அதட்டு அதட்டுனா உக்காந்துருவா."

போலீஸுக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார், குரலை உயர்த்தாமல். ஒரு ஃபிஸிக்ஸ் பாடத்துக்குப் போலீஸ் எதற்கு என்று கேட்டேன். அப்போதுதான் அவருக்கு விஷயம் பிடிபட்டது. பிறகு, தான் எந்த மாதிரி வாத்தியார் என்று பொறுமையாக விளக்கினார். என் காது சூடாகிவிட்டது.

குழுவில் 'கல்யாணம் இல்லை' என்று மறுப்புப் போட்டேன். நான்கு பேர் ஆறுதல் சொன்னார்கள்.

ஆனால் அந்தப் பெரியவர் போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அவருடைய மாட்டுப்பெண் எம்.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ். வீட்டிலேயே கணக்குக்கும் சேர்த்து டியூஷன் எடுக்கிறாள். வீடு எங்கே என்று கேட்டேன். எங்கள் குடியிருப்பிலிருந்து பத்து நிமிட நடை.

அந்தப் பெண் டேராடூன்காரி. ஹிந்திதான் தாய்மொழி, மாமனார் வீட்டில் கற்றுக்கொண்ட தமிழில் "வாங்கோ" என்றாள். என் நிபந்தனை வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டது. மகளைச் சோதிக்க முதல் கேள்வியாக அந்தக் கூலியையே எடுத்தாள். மகள் பழைய பதிலைச் சொன்னாள். இப்படி யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதற்கு, என்னைத் திரும்பிப் பார்த்தாள். இனிமேல் அங்கிள் உள்ளே வர வேண்டாம் என்று முடிவாயிற்று. அச்சா, அப்படியே ஆகட்டும் என்று வெளியே வந்தேன். கதவு சாத்தப்பட்டது.

எனக்கென்று ஒரு வேலை வேண்டுமே. மகளின் புத்தகப் பையை நானே தூக்கிக்கொண்டு வருவேன் என்று அடம்பிடித்தேன். அவளுக்கு அது மானக்கேடு. பத்தடி முன்னால் நடப்பாள். வாரத்தில் நான்கு நாள், பனிமூட்டத்தில், குல்லாயும் மஃப்ளருமாகப் பின்னால் நான். உள்ளே ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து பாடம் நடக்கும். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டதில், சில இடங்கள் எனக்கே புரிந்தன. இதை வீட்டில் சொல்லவில்லை.

பிப்ரவரியில் தேர்வு. கூலி இந்த முறை வரவில்லை. மார்ச்சில் மார்க் வந்தது: இயற்பியலில் எழுபதுக்கு நாற்பத்தேழு, கணக்கு அதைவிட மேல். சயின்ஸ் குரூப் தப்பியது. மகள் அறைக்குள் போய்ப் புதிதாக ஒரு வீடு வரையத் தொடங்கினாள். எட்டிப் பார்த்தேன். மறைத்துக்கொண்டாள்.

ஸ்வீட் டப்பாவோடு டீச்சர் வீட்டுக்குப் போனோம். முதல் முறையாக என்னை உள்ளே உட்காரச் சொன்னார்கள். வாத்தியார் மாமா டப்பாவைத் திறந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, பெண்ணுக்கு இருபத்தஞ்சு ஆகட்டும், அப்புறம் கூப்பிடுங்கோ என்றார். எல்லோரும் நன்றாக இருக்கும் நேரத்தில் என் வாய் சும்மா இருக்காது. நான் டீச்சரைப் பார்த்து, "மூணு மாசம், பத்துக் கிலோ பை, போக வர நானே தூக்கிட்டு நடந்திருக்கேன்ம்மா. இந்த நாப்பத்தேழுல என் வேலையும் கொஞ்சம் இருக்கில்ல?" என்றேன்.

அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"ஃப்ளாட் ரோடு அங்கிள், ஸீரோ."