ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பெண்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. ராமேஸ்வரம் தீவில் இருக்கும் அக்காள்மடத்து ஹோட்டல் ஒன்றுக்குப் பரோட்டா போட வந்தபோது வயது முப்பத்தெட்டு. கையெல்லாம் கல் சுட்ட தழும்பு. எனக்காகப் பெண் கேட்டுப் போக ஆளில்லை. இங்கேயும் துணை அமையாவிட்டால் தூத்துக்குடிக்குக் கிளம்பிவிடுவது என்று பையைக் கட்டி வைத்திருந்தேன்.

கூட வேலை பார்த்தவர் என் போனில் ஜோடி தேடும் ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். அதில் ஒரு பெண் நன்றாகப் பேசினாள். ஐம்பது கிலோமீட்டர் என்று காட்டியது. ராமநாதபுரம் எங்களுக்கு அவ்வளவு தூரம்தான். ஊரைக் கேட்டால் தப்பாக நினைப்பாளோ என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ரயில் ஸ்டேஷன் என்று எழுதியிருந்தாள். ராமநாதபுரமேதான் என்று முடிவு செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாமா என்றதற்குச் சரி என்றாள்.

அன்று தேய்த்த சட்டையுடன் பஸ் ஏறினேன். எங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரியும் சரக்கு வாங்க அதே பஸ்ஸில் வந்தாள். கணவனை இழந்து தனியாகக் கடை நடத்துபவள். தினமும் எங்களிடம் சால்னா வாங்குவாள், தினமும் குறை சொல்வாள்.

“என்ன மாஸ்டர், மாப்பிள்ளை கணக்கா வாரீக?”

விஷயத்தைச் சொன்னேன்.

“அந்தப் புள்ள எந்த பஸ்ல வருதுன்னு கேட்டுக்கங்க. அங்கன போயி முழிச்சுக்கிட்டு நிக்காதீக.”

ஆப்பில் எழுதிக் கேட்டேன். பாம்பன் பாலத்தில் போகும்போது பதில் வந்தது.

“பஸ்ஸிலயோ? நான் தலைமன்னாரிலயெல்லோ இருக்கிறன். இடையில கடல் கிடக்கு. வீடியோவில சந்திக்கிறதெண்டு நினைச்சன்.”

இலங்கை. அந்த ஆப்புக்குக் கடலும் தரைதான். போனை நீட்டினேன். பெட்டிக்கடைக்காரி படித்துவிட்டு முன்சீட்டுக் கம்பியில் நெற்றி முட்டச் சிரித்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் போய்ப் பையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

“எங்க போறீக? உக்காருங்க. அம்புட்டுத் தொலைவுல தேடுனீகளே, பக்கத்துக் கடையில ஒருத்தி தெனமும் கொறை சொல்லவே வாராளே, எதுக்குன்னு யோசிச்சீகளா?”

மறுபடியும் உட்கார்ந்தேன்.

“அப்ப சால்னால கொறை இல்லையா?” என்றேன்.

“உப்பு கூடத்தான். அது வேற.”

சரக்கு மூட்டைகளை நான்தான் தூக்கி வந்தேன். அடுத்த வாரம் இருவருமாகத் தலைமன்னார்க்காரியிடம் வீடியோவில் பேசினோம். “கலியாணத்துக்குச் சொல்லுங்கோ” என்றாள் அவள். சொன்னோம். தூத்துக்குடிக்குக் கட்டிய பையில் இப்போது எங்கள் கடைக்கு வெற்றிலை வாங்கி வருகிறேன்.