ஆயிரத்து நானூறு பச்சை டிக்

என் தம்பி மாதிரி உழைத்தவனை நான் பார்த்ததில்லை. அவ்வளவு உழைத்தும் ஒன்றுமில்லாமல் போனவனையும் பார்த்ததில்லை.

கூரியர் கிடங்கில் ஊர்வாரியாகப் பார்சல் பிரிக்கிற வேலை அவனுக்கு. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஷிஃப்டுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஐந்து புரோகிராமிங் கணக்கு போடுவான். ஒரு கம்பெனி நடத்தும் போட்டியில் மூன்று கணக்கு போட்டால், பட்டம் கேட்காமல் வேலை கொடுப்பார்களாம். ஆனால் முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அவனுக்கு முப்பது முடிவதற்குள் இன்னும் ஒரே ஒரு போட்டிதான் மிச்சம்.

கணக்கு சரியானால் பக்கத்தில் பச்சை டிக் விழும். "அக்கா, ஆயிரத்து நானூறு தாண்டிட்டேன்!" என்பான். நானும் பெருமை தாங்காமல் பக்கத்து வீட்டில் போய் அளந்துவிட்டு வருவேன்.

ஒரு நாள் டீ கொடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். பத்து நிமிடம் முட்டிப் பார்த்தான். பிறகு கணக்கோடு அங்கேயே கொடுத்திருக்கும் விடையைத் திறந்து, தலையை ஆட்டி ஆட்டிப் படித்து, அதையே அடித்தான். டிக் விழுந்தது.

"இது நீ போட்டதாடா?"

"புரிஞ்சுதான் அடிச்சேன்க்கா."

"விடையப் பாக்காம ஒண்ணோடயே ரெண்டு நாள் மல்லுக்கட்டிப் பாரேன்."

"ரெண்டு நாள்ல பத்து டிக் போயிடும்க்கா."

தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கு இதில் என்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடிய அந்த வாயை இன்றும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

போட்டி ஞாயிறு காலை நடந்தது. முதல் இரண்டு கணக்கையும் அரை மணியில் முடித்துவிட்டான். மூன்றாவதோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நேரம் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

"ரொம்பக் கஷ்டமாடா?"

முன்பு போட்ட கணக்குகளின் பட்டியலைத் திறந்து காட்டினான்.

"இதே கணக்குதான்க்கா. கதைய மட்டும் மாத்திக் கேட்டிருக்காங்க. பாரு, மூணு தடவ போட்டிருக்கேன்."

மூன்றிலும் பச்சை டிக் இருந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்து போய் உட்கார்ந்தான்.

"இனிமே எதுக்குடா?"

"வேற என்ன செய்யறதுன்னு தெரியலக்கா."

புதிதாக ஒரு கணக்கைத் திறந்தான். நான் கதவருகிலேயே நின்றேன். பத்தாவது நிமிடம் அவன் கை தானாக விடைக்குப் போனது.