ஒரிஜினலைத் திரும்பக் கேட்ட நாள்

இந்த ஊர் அலுவலகங்களில் நம்முடைய காகிதத்தை யாரும் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் எனக்கு அது பழகவில்லை. போன வாரம் விசா நீட்டிப்புக்காக வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண்மணி என் நர்சிங் டிப்ளமோவை வாங்கி, ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அசலை உடனே என் முன்னால் நீட்டினார். நகலைத்தான் தருகிறார், அசலை வைத்துக்கொள்வார் என்று நினைத்து நான் வாங்கவில்லை. எப்போது திரும்பத் தருவீர்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். எப்போது திரும்ப வரவேண்டும் என்று கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "நீங்கள் இனி வர வேண்டியதில்லை" என்றார். ஊருக்கே திருப்பி அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காகிதத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி, "ஒரிகினால். உங்களுடையது" என்று ஜெர்மன் உச்சரிப்பில் நிதானமாகச் சொன்ன பிறகுதான் விளங்கியது. வெளியே வந்து பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் டிப்ளமோ பைக்குள் இருக்கிறதா என்று மறுபடி தொட்டுப் பார்த்தேன். போன வருடம் ஜூன் மாதம் எனக்குள் புகுந்த பயம் இன்னும் வெளியேறவில்லை.

எங்கள் வீடு மலைமேல் பூம்பாறையில் இருக்கிறது. கணவர் அருள் பூண்டும் கேரட்டும் போடுகிறார். நான் கொடைக்கானலில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஜெர்மனிக்கு வந்ததும் என் படிப்பை இந்த நாட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு 'அனெர்கெனுங்' என்று பெயர். அந்தச் சொல்லைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதற்காகப் பயப்படக் கற்றுக்கொண்டேன். எனக்குக் கிடைத்தது. என்னோடு வந்த இன்னொரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அவள் படித்த கல்லூரிக்கு அந்த வருடங்களில் அங்கீகாரம் இல்லையாம். நான் மருந்து கொடுக்கும் அதே முதியோர் இல்லத்தில் அவள் இப்போது தரை துடைக்கிறாள். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் ஊசி போடுவோம். ஆனால் அவள் சிரிஞ்சைத் தொடக்கூடாது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த நான்தான் என் மகள் பிரின்சிக்குக் கல்லூரி தேடினேன். அங்கேதான் தவறு செய்தேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அவள் வேதியியல் படிக்கவேண்டும் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேதியியல் படித்துவிட்டு மலையில் என்ன சோலி பார்ப்பாள் என்று பயந்தேன். போனில் ஒரு விளம்பரம் வந்தது. சமவெளியில் ஒரு தனியார் கல்லூரி, கண்ணாடிக் கட்டடம், ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி படிப்பு, வெளிநாட்டு வேலைக்கு உத்தரவாதம். மற்ற தனியார் கல்லூரிகள் கேட்டதில் பாதிதான் கேட்டார்கள். நம்மால் முடிகிற செலவில் நல்ல இடம் அகப்பட்டது என்று சந்தோஷப்பட்டேன். இடம் போய்விடும் என்று அவசரப்படுத்தியதும் நான்தான். அருள் அவளைக் கூட்டிக்கொண்டு போய் முன்பணம் கட்டினார். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் என்று எல்லா ஒரிஜினலையும் அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது எனக்கு வித்தியாசமாகவே தெரியவில்லை. நான் படித்த காலத்திலும் அப்படித்தான்.

மூன்று வாரம் லீவு போட்டு, அவளைச் சேர்த்துவிட்டு வரலாம் என்று ஊருக்குப் போனேன். போன மூன்றாம் நாள், சில படிவங்களைப் பிரிண்ட் எடுக்க நானும் பிரின்சியும் கொடைக்கானல் பஜாருக்குப் போனோம். அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் காதர் பாயை எனக்குப் பல வருடமாகத் தெரியும். கல்லூரிப் பெயரைப் பார்த்ததும் அவர் கை நின்றது. பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்து, பட்டியலை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, இந்தக் காலேஜோட அஃபிலியேஷன் போன வருசத்தோட முடிஞ்சு கெடக்கு. புதுசா குடுத்த மாதிரி தெரியலயே" என்றார்.

தரை துடைக்கும் அந்தப் பெண்ணின் முகம் கண் முன்னால் வந்தது. பாய் என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, அரசுக் கல்லூரி கவுன்சிலிங் நாளன்னைக்குத்தானே, அங்கே பார்த்துக்கொள்ளலாமே என்றார். எந்த அரசுக் கல்லூரி என்று கேட்டேன். பிரின்சி தலையைக் குனிந்துகொண்டாள். மே மாதமே அவள் இதே கடையில் உட்கார்ந்து, எங்களுக்குச் சொல்லாமல் வேதியியலுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ரேங்க் பட்டியலில் பெயரும் வந்திருக்கிறது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கவுன்சிலிங்குக்கு ஒரிஜினல் வேண்டுமே என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

மறுநாள் வெள்ளனே முதல் பஸ் பிடித்து மூவரும் இறங்கினோம். மலைப்பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஜெர்மனியில் டாக்டர்களிடம் தப்பும் தவறுமாகவாவது பேசிவிடுகிறவள் நான். அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் சொந்த மொழியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. வரவேற்பறையில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் பைலும் கையுமாகக் காத்திருந்தன. அட்மிஷன் மேனேஜர் டை கட்டிய இளைஞர். மரியாதையாகத்தான் பேசினார். சீட்டை ரத்து செய்வதானால் முழுப் படிப்புக்கும் உள்ள கட்டணத்தைக் கட்டவேண்டும் என்றார். அருள் குரலை உயர்த்தினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். கோபித்துக்கொண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவார்களோ என்று பயம். முன்பணம் போனால் போகட்டும், ஒரிஜினலை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அது யுனிவர்சிட்டிக்குப் போயிருச்சு மேடம். திரும்பி வர ரெண்டு வாரம் ஆகும்" என்றார் அவர்.

ரெண்டு வாரம். மறுநாள் காலை கவுன்சிலிங். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பிரின்சி மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் சத்தம் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"சார், உங்க அஃபிலியேஷன் போன வருசமே முடிஞ்சிருச்சுன்னு வெப்சைட்ல போட்டிருக்காங்க. அப்ப என் சர்டிபிகேட்ட எந்த யுனிவர்சிட்டிக்கு அனுப்புனீங்க?"

எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. பக்கத்து வரிசையில் கன்னிவாடியிலிருந்து மகளைச் சேர்க்க வந்திருந்த ஒரு விவசாயி, நீட்டிய பைலைத் திரும்ப மஞ்சள் பைக்குள் வைத்தார். "அந்தப் பிள்ளை கேக்குறதுக்குப் பதிலச் சொல்லுங்க தம்பி. நாங்களும் கேட்டுக்கிறோம்" என்றார். இன்னும் இரண்டு பேர் எழுந்து வந்து நின்றார்கள். மேனேஜர் எங்களை மட்டும் உள்ளறைக்கு வரச் சொன்னார். பிரின்சி இங்கேயே இருக்கிறோம் என்றுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பழுப்பு உறை வந்தது. யுனிவர்சிட்டிக்குப் போன காகிதங்கள் அலமாரியிலிருந்தே வந்துவிட்டன. நாங்களாகவே விலகுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். முன்பணத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்வதற்குள் உறையை நாலு தடவை பிரித்து எண்ணிப் பார்த்திருப்பேன்.

அங்கேயே டீக்கடையில் நின்றபோது, என்னிடம் ஏன் சொல்லாமல் விண்ணப்பித்தாய் என்று கேட்டேன்.

"சொன்னா நீ பயந்துருவேம்மா. எனக்கும் சேத்து நீயே பயந்து, நீயே முடிவெடுத்துருவ. எனக்குப் பயமா இருந்தா நானே சொல்றேன்மா" என்றாள்.

அன்று இரவு திண்டுக்கல்லில் தெரிந்தவர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் கவுன்சிலிங்குக்குப் போனோம். அங்கே ஒரு பேராசிரியை சான்றிதழ்களைச் சரிபார்த்து, வேதியியலில் இடம் எழுதி, கட்டணச் சீட்டை நீட்டினார். வாசித்துவிட்டு, இது ஒரு மாதத்துக்கா என்று கேட்டேன். வருஷத்துக்கும்மா என்று சிரித்தார். மனசு நிம்மதியாகி இருக்க வேண்டும். எனக்கோ அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு குறைவாக வாங்கிக்கொண்டு என்ன சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்? தயங்கித் தயங்கி அதைக் கேட்டே விட்டேன். அவர் கோபிக்கவில்லை. கூட்டம் குறைந்ததும் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மேஜைகள் பழசு, கூரையில் ஒழுகிய தடம் இருந்தது. ஆனால் கேஸ் எரிந்தது, தராசு எடை காட்டியது, லீவு நாளிலும் மூன்று எம்.எஸ்சி. பெண்கள் ஏதோ காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இங்கே டிகிரி முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அந்தப் பெண்களிடமே கேட்டேன். ஒருத்தி மருந்துக் கம்பெனி, ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர், ஒருத்தி கல்யாணமாகிச் சும்மா இருக்கிறாள் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். உத்தரவாதம் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. அதனாலேயே நம்பலாம் என்று தோன்றியது.

பிரின்சி இப்போது இரண்டாம் வருடம். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் தவறி, பிறகு எழுதித் தேறினாள். தவறிய அன்று அவளே போன் செய்து, "இப்பப் பயமா இருக்கும்மா" என்றாள். பணிக்கு நடுவே முதியோர் இல்லத்தின் துணி அறைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் பேசி முடிக்கும் வரை போனை வைக்காமல் இருந்தேன்.

அவள் தங்கியிருப்பது திண்டுக்கல்லில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதி. மாதத்துக்கு ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்கலாம். அதற்கு ஆளுக்கொரு அட்டை, படம் ஒட்டி, வார்டன் சிஸ்டரின் அறையில் தொங்குகிறது. வந்து போகும்போது அதில் கையெழுத்துப் போடவேண்டும். என் அட்டைக்கு நான் இங்கே விசாவுக்காக எடுத்த படத்தைத்தான் அனுப்பியிருந்தேன். இந்த நாட்டில் அந்தப் படத்துக்குச் சிரிக்கக்கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும். உங்கம்மா எப்பவும் இப்படிக் கோபமாத்தான் இருப்பாங்களா என்று சிஸ்டர் கேட்டாராம். இல்ல சிஸ்டர், அங்க சிரிக்க விடமாட்டாங்க என்று இவள் சொன்னாளாம். போன ஞாயிறு அருள் போயிருந்தபோது அந்த இரண்டு அட்டையையும் போனில் படம் பிடித்து அனுப்பினார். அவருடையதில் கையெழுத்து பின்பக்கம் வரை போயிருக்கிறது. என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. வெள்ளைக் கட்டங்களுக்கு மேலே, குளிர்கோட்டுப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு, திண்டுக்கல் வெக்கையில் நான் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.