மாரிக்கண்ணன் வாங்கிய கேபிள்

மாரிக்கண்ணனுக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. பகலெல்லாம் பட்டாசுக்கும் ஊதுபத்திக்கும் பெட்டி அடிப்பான். திருவிழாச் சீசன் வந்தால் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பான். வாசிப்பில் குறை சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். "பெட்டியப் பாத்தே உள்ள என்ன சரக்குன்னு சொல்லிருவேம்லே" என்று மார்தட்டுகிற ஆள்.

தாயில்பட்டிப் பொங்கல் கச்சேரிக்கு முன்னால், கீபோர்டிலிருந்து மிக்சருக்குப் போகிற கேபிள் அறுந்துவிட்டது. மைக்செட் போடுகிற அன்பரசனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். அன்பரசன் வெறும் பிளாஸ்டிக் உறையில் கிடந்த ஒன்றை எடுத்து, முனையிலிருந்த ஜாக்கைத் திருகித் திறந்து, உள்ளே கம்பியைப் பற்றவைத்திருப்பதைக் காட்டினான்.

"இத எடுங்கண்ணே. கனமாவும் இருக்கு, மெத்துன்னு வளையவும் செய்யுது."

மாரிக்கண்ணன் கண் அங்கே நின்றால்தானே! மேல் தட்டில் தங்க நிறத்தில் ஒரு பெட்டி மின்னியது. அவனே மெஷினில் ஓட்டிய பெட்டி. பெற்ற பிள்ளையைக் கண்டது போலப் பூரித்துப்போனான். "ஏலே, இது நம்ம அடிச்ச பெட்டி, மோசம் பண்ணாது" என்று அதையே வாங்கினான். திருகிக்கூடப் பார்க்கவில்லை, மகராசன்.

அன்றைக்குக் கற்பகவல்லிக்கு முதல் மேடை. உள்ளூர்க்காரி, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள், நல்ல குரல். அவள் புருஷன் முனியராஜ் அரை மனதாகத்தான் ஒத்துக்கொண்டிருந்தான். "இந்த ஒரு தடவ பாடு. ஊரு சிரிச்சுச்சுன்னா அத்தோட சரி" என்று சொல்லித்தான் அனுப்பினான்.

அவள் பாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் உர்ரென்று இரைந்தது. பிறகு கர்கர்ரென்று அறுத்தது. கூட்டத்தில் ஒரே விசில். மாரிக்கண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்திலிருந்த மைக்கை எடுத்து, "ஏ தாயி, மைக்கப் பிடிக்கத் தெரியாதவ எதுக்கு மேடை ஏறுன?" என்று கேட்டுவிட்டான். ஊரே சிரித்தது. கற்பகவல்லி மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் போன பிறகும் இரைச்சல் போகவில்லை. அன்பரசன் ஓடிவந்து கீபோர்டு கேபிளைப் பிடுங்கினான். சத்தம் கப்பென்று நின்றது.

மறுநாள் கேபிளை பிளேடால் கீறிப் பார்த்தான் மாரிக்கண்ணன். இரைச்சல் உள்ளே வராமல் சுற்றிலும் வலையாகப் பின்னியிருக்க வேண்டிய கம்பி, ஓர் ஓரமாக நாலு முடி போலக் கிடந்தது. பெட்டியிலோ 'சுத்தச் செம்பு' என்று கொட்டை எழுத்து! ஆர்டர் கொடுக்கிற பார்ட்டி எழுதிக் கொடுத்ததை அப்படியே அடிப்பதுதான் அச்சகத்து வழக்கம். அது அவனைவிட யாருக்குத் தெரியும்? வெட்கம் பிடுங்கித் தின்றது. நேரே தாயில்பட்டிக்குப் போனான்.

"வாங்கண்ணே" என்றான் முனியராஜ். மாரிக்கண்ணன் வாயைத் திறப்பதற்குள் கற்பகவல்லி முந்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. என்னால உங்க கச்சேரியே கெட்டுப்போச்சு. இனிமே பாடலன்னு இவுககிட்டயும் சொல்லிட்டேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"உன் மேல தப்பே இல்லம்மா. எல்லாம் என் கேபிளு. மட்டமானத வாங்கிட்டு வந்து, வாய்க்கொழுப்புல உன்னயப் பேசிட்டேன்" என்றான் தலை குனிந்தபடி. முனியராஜிடமும் திருப்பிச் சொன்னான்.

கற்பகவல்லி கண் கலங்கியது.

"இத இங்கன, எங்க ரெண்டு பேருகிட்டச் சொல்லுறீக. அத மைக்குலதானண்ணே, ஊரு கேக்கச் சொன்னீக."

முனியராஜ் நாற்காலியை எடுத்துப் போட்டான். மாரிக்கண்ணனால் உட்கார முடியவில்லை.